ஒட்டுண்ணிக் குளவி விட்டால் பழ ஈ ஒழியுமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: கொய்யாவும் மாவும் உள்ள தோட்டத்தில் வெட்டிப் பார்க்கும் பழத்தில் எல்லாம் புழு இருக்கிறது, மருந்தடிக்க மனமில்லை, ஒட்டுண்ணிக் குளவி வாங்கி விட்டால் போதுமா, எத்தனை விட வேண்டும், எப்போது விட வேண்டும். இதற்குள்ளே நீங்கள் வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் இருக்கிறது: இப்போது மரத்தில் தொங்கும் பழம் தப்புமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தப்பாது. ஈ குத்திய பழத்தை எந்தக் குளவியாலும் மீட்க முடியாது. குளவி செய்வது, அந்தப் பழத்துப் புழு ஈயாக மாறி அடுத்த பழத்துக்குப் போகாமல் தடுப்பது. பலனை அடுத்த தலைமுறை ஈக்களின் எண்ணிக்கையில்தான் பார்க்க முடியும்.

இது ஏன் இப்படி என்பதற்குக் குளவி வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். பழ ஈக்கு எதிராக உலகம் முழுக்க அதிகம் பேசப்படுபவை இரண்டு. முதலாவது ஃபோபியஸ் அரிசானஸ். இது ஈயின் முட்டையைத் தேடும். தாய் ஈ பழத்தோலில் குத்திய துளையைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஈ முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். ஈ முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும் என்பதால் இந்தக் குளவிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. இரண்டாவது டயாகாஸ்மிமார்ஃபா லாங்கிகாடாட்டா. இது வளர்ந்த புழுவைத் தேடும். பழத்தின் மேல் உணர்கொம்பால் தட்டித் தட்டி நடந்துவந்து, ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிடும். உள்ளே புழு சதையைக் குடையும் அதிர்வைத்தான் அது கவனிக்கிறது. பிறகு வயிற்றைத் தூக்கி, உடலைவிட நீளமான ஊசி போன்ற உறுப்பைச் செங்குத்தாக இறக்கும். சில நொடிகளில் முட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

இரண்டிலும் குளவி முட்டை வைத்ததும் புழு சாவதில்லை. அது வழக்கம்போல் பழத்தைத் தின்று, பழத்தைவிட்டு வெளியே வந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. அந்தக் கூட்டுக்குள் வைத்துத்தான் குளவிப்புழு அதைத் தின்று முடிக்கிறது. எல்லாம் சேர்ந்து, நல்ல வெப்பத்தில், ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முடிவில் ஒரு கூட்டிலிருந்து ஒரே ஒரு குளவி வரும். முட்டையையே தாக்கும் குளவி இருந்தும் பழம் அழுகுவது இதனால்தான். இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். இதில் கருத்து வேறுபாடு கிடையாது.

மேலே போவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. "பழ ஈ" என்று இரண்டு வேறு குடும்பத்துப் பூச்சிகளைச் சொல்கிறோம். அழுகிய பழத்தைச் சுற்றிப் பறக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பொடி ஈக்கள் ட்ரோசோஃபிலா வகை. அவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போன பழத்துக்குத்தான் வரும், அவற்றை ஒழிக்கத் தேவையே இல்லை. விதிவிலக்கு ட்ரோசோஃபிலா சுசூகி. அதன் பெண்ணுக்கு ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பு இருப்பதால், செர்ரி, ஸ்ட்ராபெரி, ப்ளூபெரி போன்ற மெல்லிய தோல் பழங்களை மரத்திலேயே தாக்கும். அதற்கென்று ஆசியாவிலிருந்து தேர்ந்தெடுத்த கானாஸ்பிஸ் என்ற குளவியை 2021இல் இத்தாலியிலும் 2022இல் அமெரிக்காவிலும் விடத் தொடங்கினார்கள். கொய்யா, மா, பாகல், பூசணி ஆகியவற்றைத் தாக்குபவை கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவில், இறக்கையில் கோடோ பட்டையோ உள்ள ஈக்கள். உங்களுடையது எது என்று பார்க்க எளிய வழி: பழத்தைப் பிளந்து, முற்றிய புழுவைத் தட்டில் போடுங்கள். உடலை வளையமாக மடக்கிச் சட்டென்று துள்ளினால் இந்த இரண்டாவது கூட்டம். மாவின் கொட்டைக்குள் இருப்பது வண்டு. அதற்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பில்லை.

அடுத்து, வாங்குவது பற்றி. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒட்டுண்ணி என்றால் அது பெரும்பாலும் டிரைக்கோகிரம்மா என்ற பொடிக்குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டை. அதை வாங்கிக் கட்டிவிட்டுப் பலனில்லை என்று நொந்துபோகிறவர்கள் ஏராளம். டிரைக்கோகிரம்மா அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைகளின் முட்டைக்கானது. அந்த முட்டை இலை மேலும் தண்டு மேலும் வெளியே தெரியும்படி இருக்கும். பழ ஈயின் முட்டையோ தோலுக்கு அடியில் இருக்கிறது. அந்த அட்டையால் பழ ஈ ஒன்றுகூடக் குறையாது. வீட்டு ஈக்கும் மாட்டுக்கொட்டகை ஈக்கும் விற்கப்படும் ஸ்பலாஞ்சியா போன்ற கூட்டுப்புழுக் குளவிகள் பழ ஈயின் கூட்டையும் தாக்கும் என்பது உண்மை. ஆனால் அவை எந்த ஈயின் கூடு கிடைத்தாலும் போகும், உங்கள் எருக்குழிக்குப் போய்விட்டால் தோட்டத்துக்கு மிஞ்சாது. அதே கூட்டத்தைச் சேர்ந்த பாக்கிக்ரெபாய்டியஸ் இன்னும் ஒரு படி மேல்: கூட்டுக்குள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல குளவியையும் தின்றுவிடக்கூடியது. பழ ஈக்காகக் காசு கொடுத்து இவற்றை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

டயாகாஸ்மிமார்ஃபாவைப் பெரிய அளவில் வளர்ப்பது அரசுத் திட்டங்களின் வேலை. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் மெட்டாபா என்ற ஊரில் உள்ள மாஸ்காஃப்ரூட் நிலையம் இதற்குப் பேர்போனது. வாரத்துக்குக் கோடிக்கணக்கில் வளர்க்கிறார்கள். அங்கே மாந்தோப்புப் பகுதிகளில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஆயிரம் குளவி வீதம் வானிலிருந்து விட்டபோது, அங்குள்ள பழ ஈ வகையான அனாஸ்ட்ரெஃபா 70 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. ஏக்கருக்கு என்றால் 400 வரும். நீங்கள் கேட்ட எண்ணிக்கைக்கு என்னால் தரக்கூடிய நேர்மையான பதில் இதுதான். ஆனால் இதை அப்படியே உங்கள் தோட்டத்துக்குப் பொருத்த முடியாது. அது ஒரு முறை விட்டது அல்ல, வாரா வாரம் விட்டது. பரந்த பரப்பில் விட்டது. ஈயும் வேறு வகை.

சிலர் வீட்டிலேயே வளர்க்கலாமா என்று கேட்பார்கள். முறை சிக்கலானது அல்ல. 25 டிகிரி ஒட்டிய வெப்பத்தில், வலைக்கூண்டில் வளர்ந்த குளவிகளை வைத்து, மேல் வலையில் தேனை மெல்லிய கோடாகத் தடவி, பஞ்சுத்திரியில் தண்ணீர் கொடுத்து, ஐந்து நாளாவது இணைசேர விட வேண்டும். இணைசேராத பெண்ணும் முட்டை வைக்கும், ஆனால் அதில் ஆண் மட்டுமே பிறக்கும். கூண்டு முழுக்க ஆணாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவோ, கொடுத்த புழு சிறியதாக இருந்ததோ காரணம். பிறகு முற்றிய ஈப்புழுக்களை உணவோடு சேர்த்து மெல்லிய துணிக்குள் தட்டையாகக் கட்டி, ஓரிரண்டு மணி நேரம் கூண்டுக்குள் வைக்க வேண்டும். நேரம் கூடினால் ஒரே புழுவில் பல குளவிகள் திரும்பத் திரும்பக் குத்தும். உள்ளே பிழைப்பது ஒன்றுதான். அளவுக்கு மீறிக் குத்துப்பட்டால் புழுவே செத்துப்போகும். பிறகு ஈரமணலில் விட்டுக் கூடுகட்ட விட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிடலாம். சிக்கல் வேறிடத்தில்: குளவி வளர்க்க முதலில் ஆயிரக்கணக்கில் பழ ஈ வளர்க்க வேண்டும். குளவி தொடாமல் விட்ட புழுக்களிலிருந்து ஈ வரும். நிலையங்களில் புழுவைக் குளவிக்குக் கொடுப்பதற்கு முன்பே கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். அப்படிச் செய்த புழுவில் குளவி வளரும், ஈ வளராது. அந்த வசதி இல்லாத வீட்டில் செய்தால் பூச்சியை வளர்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பியதாகிவிடும். தயவுசெய்து இறங்க வேண்டாம்.

அப்படியானால் உங்களால் என்ன செய்ய முடியும்? உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே குளவி இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கொல்லாமல் இருப்பதும் பெருக விடுவதும்தான். இங்கேதான் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். விழுந்த பழத்தைப் பொறுக்கி எரி, ஆழக் குழிதோண்டிப் புதை, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடு என்பது நெடுநாள் அறிவுரை. ஈக்கு எதிராக அது சரியான அறிவுரை. ஆனால் அந்தப் பழத்துக்குள்தான் குளவியும் இருக்கிறது. புழுவைச் சாகடிக்கும்போது அடுத்த மாதம் உங்களுக்கு வேலை செய்ய வேண்டிய குளவியையும் சேர்த்தே சாகடிக்கிறோம்.

இதற்கு ஹவாயில் கண்ட தீர்வு ஒரு வலைக்கூடாரம். விழுந்த பழத்தை அதற்குள் கொட்டுவார்கள். கூட்டிலிருந்து வெளிவரும் ஈ வலையில் சிக்கி உள்ளேயே சாகும். ஈயைவிட ஒல்லியான குளவி கண்ணி வழியாக வெளியேறித் தோட்டத்துக்குத் திரும்பும். ரீயூனியன் தீவிலும் இதைச் சோதித்துப் பரப்பினார்கள். அங்கே பயன்படுத்திய வலையில் ஒவ்வொரு கண்ணியின் பரப்பும் 3 சதுர மில்லிமீட்டர், அதாவது பக்கத்துக்கு ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் அளவு. கடையில் விற்கும் வலை சொன்ன அளவில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் ஐம்பது அறுபது கூட்டுப்புழுவைப் போட்டு, வாயை அந்த வலையால் இறுகக் கட்டி, அதை இன்னும் நெருக்கமான கொசுவலைப் பைக்குள் வைத்துப் பத்துப் பதினைந்து நாள் பாருங்கள். பைக்குள் ஈ ஒன்றுகூட இருக்கக்கூடாது. கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஈயின் உடல் மிக மென்மையாக இருக்கும், நினைத்துப் பார்க்காத இடுக்கிலும் நுழைந்துவிடும் என்பதால்தான் இந்தச் சோதனை. பொடி ட்ரோசோஃபிலா வெளியே வந்தால் கவலை வேண்டாம்.

கூடாரம் சின்னத் தோட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம், ஆள் குனிந்து நிற்கும் உயரம் போதும். அடியில் பாய் விரிக்காமல் மண்ணாகவே விடுங்கள். புழு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கூடு கட்டும். வலையின் அடி விளிம்பைச் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள். புழு துள்ளியும் ஊர்ந்தும் ஓரத்தைத் தேடிவரும். அங்கே விரலளவு இடைவெளி இருந்தால் அத்தனையும் அதன் வழியே போய்விடும். இடம் நிழலாக, மழைத்தண்ணீர் தேங்காத மேடாக இருக்கட்டும். திறக்கும் வழிக்கு ஜிப்போ ஒட்டும் பட்டையோ வைத்து, உள்ளே இன்னொரு திரை தொங்கவிடுங்கள். திறப்பதற்கு முன் ஒரு தட்டுத் தட்டினால் வாசலருகே இருக்கும் ஈக்கள் மேலே பறந்துவிடும்.

கூடாரம் கெட்டுப்போவது மூன்று காரணங்களால். அதிகமாகப் பழம் கொட்டுவது முதலாவது: முழங்கால் உயரத்துக்குக் குவித்தால் சாறு வடிந்து புளித்து, மண் சேறாகி, கூட்டுக்குள் ஈயும் குளவியும் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு அடுக்கு, மிஞ்சினால் இரண்டு அடுக்கு. சாறு வடிந்தால் மேலே காய்ந்த மண்ணோ சருகோ தூவுங்கள். எறும்பு இரண்டாவது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டை எறும்பு ஈக்கூடு, குளவிக்கூடு என்று பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் இழுத்துப் போகும்; புற்று இருக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். மூன்றாவது கிழிசல். எலி கடித்த ஓட்டை ஒன்று போதும், நீங்கள் பொறுக்கிச் சேர்த்த அத்தனை ஈயும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். அது பழத்தைப் பொறுக்காமலே விட்டதைவிட மோசம். வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது பொறுக்குவது. விழுந்த பழத்திலிருந்து முற்றிய புழு சில நாட்களில் மண்ணுக்குள் இறங்கிவிடும். பத்து நாள் கழித்துப் பொறுக்கினால் வெறும் தோலைத்தான் பொறுக்குகிறீர்கள். மரத்திலேயே மென்மையாகிச் சாறு வடியும் பழத்தையும் பறித்துப் போட வேண்டும். உங்கள் பகுதியில் குளவியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கூடாரம் வீண்போகாது, ஈயை அடைத்து வைக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

குளவியை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரண்டு தீவுகளின் அனுபவம் உதவும். ஹவாயில் 1940களின் நடுவில் கீழை நாட்டுப் பழ ஈ பரவியபோது பல நாடுகளிலிருந்து இயற்கை எதிரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முதலில் மேலோங்கியது டயாகாஸ்மிமார்ஃபா. சில ஆண்டுகளில் அதைப் பின்னுக்குத் தள்ளி ஃபோபியஸ் அரிசானஸ் நிலைபெற்றது. டஹீட்டியில் அதே ஈ 1996இல் கண்டறியப்பட்டது. 2002 முதல் ஃபோபியஸை விட்டார்கள். சில ஆண்டுகளில் கொய்யாவிலிருந்து வெளிவரும் ஈ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. உயிரியல் கட்டுப்பாட்டில் இது பெரிய வெற்றி. அப்படியிருந்தும் ஹவாய் விவசாயிகளுக்குச் சேதம் நிற்கவில்லை. 2000களில் தூய்மை, இரைப்பொறி, ஆண் ஈக் கவர்ச்சி, மலடாக்கிய ஈயை விடுவது, குளவி எல்லாவற்றையும் சேர்த்த பகுதி முழுவதற்குமான திட்டம் தேவைப்பட்டது. கணக்கு எளிது. வசதியான சூழலில் ஒரு பெண் ஈ ஆயிரத்துக்கும் மேல் முட்டை வைக்கும். அதில் 95 விழுக்காடு செத்தாலும் 50 மிஞ்சும்.

பழத்தைப் பொறுத்தும் பலன் மாறும். சிறிய, மெல்லிய சதையுள்ள பழத்தில் புழுவுக்கு ஒளிய இடமில்லை. காப்பிப் பழத்திலும் காட்டுப் பழங்களிலும் கொய்யாவிலும் குளவி நன்றாகத் தாக்கும். பெரிய மாம்பழத்தில் புழு சதைக்குள் ஆழமாகப் போய்விட்டால் டயாகாஸ்மிமார்ஃபாவின் நீள ஊசியும் எட்டாது. உங்கள் தோட்டத்தில் கொய்யா இருப்பது ஒருவகையில் நல்லது. குளவி அங்கே பெருகும். மாவின் சேதம் அதனால் மட்டும் குறையும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

மருந்து விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது. மரம் முழுக்க நனையத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி குளவியையும் கொல்லும். ஆனால் புரத இரையில் ஸ்பைனோசாட் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து, இலைகளில் ஆங்காங்கே சொட்டுச் சொட்டாக வைப்பது அப்படியல்ல. முட்டை முற்றப் புரதம் தேடி அலையும் பெண் ஈ அதைத் தின்னும். ஃபோபியஸும், பழ ஈயைத் தாக்கும் இன்னொரு குளவியான சிட்டாலியாவும் அந்த இரையை நாடுவதில்லை என்பது சோதனைகளில் தெரிந்தது. மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டும் இழுக்கும். பாகல், பூசணி ஈக்கு அது பயன்படாது, கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப்பொருள் வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டையை மட்டும் தோட்டம் முழுக்கத் தொங்கவிடாதீர்கள், அதில் பலவகைக் குளவிகளும் ஒட்டிக்கொள்ளும். தேன் கிடைத்த குளவி அதிக நாள் வாழும் என்பது கூண்டில் உறுதியாகத் தெரிந்தது. பூச்செடி நட்டால் தோட்டத்தில் பழ ஈ குறையும் என்பது அதே அளவுக்கு உறுதியானதல்ல. நடுவதில் கெடுதல் இல்லை, அதை நம்பிப் பழம் பொறுக்குவதை விட்டுவிடக்கூடாது.

ஒருவேளை உங்கள் பகுதியில் ஏதாவது ஆராய்ச்சி நிலையம் குளவி கொடுத்தால், ஈ கூடிய பிறகு விடாதீர்கள். பழம் முற்றத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே, ஈ குறைவாக இருக்கும்போதே, சுற்றியுள்ள காட்டுப் பழமரங்களிலிருந்து தொடங்க வேண்டும். ஆயிரம் ஈயை நூறு குளவி துரத்துவதற்கும் நூறு ஈயை நூறு குளவி துரத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கூடாக வாங்குவதைவிட, நான்கைந்து நாள் தேன் குடித்து இணைசேர்ந்த குளவியாக வாங்குவது நல்லது. காலை வெயில் ஏறுமுன் நிழலான கிளையில் திறந்து விடுங்கள். வால்போல் நீண்ட ஊசி உள்ளது பெண். பாதிக்கும் குறைவாக இருந்தால் அந்தத் தொகுதி சரியில்லை. வெளிநாட்டுக் குளவியை நீங்களாகத் தருவிப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி கூடாது, அதற்குக் காரணமும் இருக்கிறது: ஹவாயில் பழ ஈக்காக விட்ட டயாகாஸ்மிமார்ஃபா ட்ரையோனி என்ற குளவி, உண்ணிச்செடியை அடக்க விடப்பட்டிருந்த நல்ல ஈயையும் தாக்கியது. மனிதரை இந்தக் குளவிகள் கொட்டாது. சில மில்லிமீட்டர்தான் இருக்கும், கூடு கட்டிக் காவல் காக்கும் வகையும் அல்ல.

எதையும் தொடங்குமுன் உங்கள் தோட்டத்தில் குளவி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மரத்தடியில் புதிதாக விழுந்த 30 கொய்யாவை எடுங்கள். பச்சைக் காயாகப் பறித்தால் புழுவைத் தேடும் குளவிக்கு வாய்ப்பே கொடுக்காமல் எடுத்ததாகிவிடும். எடைபோட்டு, இரண்டு விரற்கடை ஈரமணல் பரப்பிய வாளியில் கம்பித்தட்டின் மேல் அடுக்கி, துணியால் வாயைக் கட்டுங்கள். பத்தாம் நாள் மணலைச் சலித்தால் அரிசிமணி போல் பழுப்புக் கூடுகள் கிடைக்கும். அவற்றை எண்ணி, காற்றோட்டமான டப்பாவில் இன்னும் நான்கு வாரம் வையுங்கள். ஈ முதலில் வரும். அதோடு நிறுத்திவிட்டால் குளவியே இல்லை என்று தவறாக முடிவு செய்வீர்கள், குளவி அதற்குப் பல நாள் பிந்தித்தான் வரும். காலிக் கூட்டைப் பார்த்தும் தெரியும்: ஈ வந்த கூடு முனையில் மூடிபோல் பிளந்து திறந்திருக்கும், குளவி வந்ததில் பல்லால் கடித்த ஒழுங்கற்ற ஓட்டை இருக்கும். வந்த குளவியை, ஈயும் குளவியும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். இந்த எண்ணையும், பழத்தின் எடையையும், ஈயின் இறக்கை தெளிவாகத் தெரியும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினால், எந்த ஈ என்று பார்த்து, உங்கள் கொய்யாவுக்கும் மாவுக்கும் தனித்தனியாக என்ன செய்யலாம் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.